கொடி பேய்க்கணவாய் ஆன கதை

பழைய ஜப்பானியப் பீங்கான் தட்டு கையில் கிடைத்தால் நடுவிலுள்ள பூவைப் பார்த்துவிட்டுக் கீழே வைத்துவிடாதீர்கள். விளிம்பையும் பாருங்கள். பல தட்டுகளில் அங்கே நீலச் சுருள்கள் நெளிந்தோடும். சுருளின் முதுகு நெடுகச் சின்னச் சின்னக் குமிழ்கள். இதற்குப் பெயர் ‘தாகோ கரகுசா’. தாகோ என்பது ஆக்டோபஸ், நம் மீனவர்கள் சொல்லும் பேய்க்கணவாய். கரகுசா என்பது சீனத்துக் கொடி.

பிறப்பில் அது கொடி மட்டும்தான். கியூஷு தீவில் அரிதா என்றொரு மலையூர். கொரியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட யி சாம்-பியோங் என்ற குயவர் 1616இல் அங்கே பீங்கான் கல்லைக் கண்டெடுத்தார் என்பது ஊர் வழக்கு. சரக்கு இமாரி துறைமுகத்தில் கப்பலேறியதால் பேரெல்லாம் இமாரிக்குப் போய்விட்டது, பாவம் அரிதா!

சீனத் தட்டுகளின் பூங்கொடியைப் பார்த்துத்தான் அரிதாக்காரர்களும் வரைந்தார்கள். ஒருவர் மெல்லிய தூரிகையால் கோடிழுப்பார். இன்னொருவர் பருத்த தூரிகையில் கோபால்ட் கரைசலை நிறைத்து, கோட்டுக்குள் தேங்கவிட்டு நிரப்புவார். ஒருமுறை சுட்ட களிமண் ஈரத்தைச் சட்டென்று குடித்துவிடும், அழிக்க வழியில்லை. அப்போது நீலமும் தெரியாது, கருத்த அழுக்குப்போலத்தான் இருக்கும். மெருகுப் பூச்சு ஏறி, சுமார் 1,300 டிகிரியில் வெந்த பிறகே நீலம் வெளியே வரும்.

17ஆம் நூற்றாண்டின் கடைசியில் கொடியின் இலைகள் சிறுத்துக் குமிழாயின. பிறகு சாதாரண வீடுகளுக்கும் பீங்கான் போகத் தொடங்கியது. ஒரு கொடிக்கு இரண்டு பேர், இரண்டு வேலை என்றால் கட்டுப்படியாகுமா? கோடும் நிரப்பலும் மெல்லப் போயின. 19ஆம் நூற்றாண்டுத் தட்டுகளில் பெரும்பாலும் ஒரே இழுப்பில் ஒரு சுருள், அதன் முதுகில் நாலைந்து பொட்டு. இலை உறிஞ்சுகுமிழாகிவிட்டது; கொடி பேய்க்கணவாயின் கையாகிவிட்டது. தட்டின் வயதைக் கணிக்கச் சேகரிப்பாளர்கள் முதலில் பார்ப்பதும் இந்தச் சுருளைத்தான்.

சேகரிப்பாளர்கள், கோடிழுத்து நிரப்பிய பழைய கொடிக்கே விலை கொடுப்பார்கள். என் ஓட்டு அவசரக்காரரின் சுருளுக்கு. தூரிகை எங்கே அழுந்தியது, எங்கே மை தீர்ந்தது என்பதெல்லாம் அதில்தான் தெரிகிறது.