காரின் மிகை எரிபொருள் நுகர்வு: கண்டறிதலும் சரிசெய்தலும்

ஒரு கார் அதே சாலையில், அதே சுமையோடு, முன்பு ஓடியதைவிட லிட்டருக்குக் குறைந்த தூரமே ஓடினால் அது மிகை எரிபொருள் நுகர்வு. விற்பனையின்போது சொல்லப்பட்ட மைலேஜை எட்டவில்லை என்பது இதில் சேராது. அந்த எண் ஆய்வகத்தில், உருளைகள்மீது, ஏசியை நிறுத்திவைத்து, மணிக்கு 90 கிலோமீட்டரைத் தாண்டாத வேகத்தில் எடுக்கப்பட்டது. ஒப்பிட வேண்டியது அந்தக் காரின் பழைய கணக்கோடுதான். மைலேஜ் குறைந்தது என்றதும் என்ஜினைத் திறக்கும் பழக்கம் பரவலாக இருக்கிறது. ஆனால் என்ஜினுக்கு வெளியே உள்ள காரணங்களை அளந்து விலக்கிய பிறகே அதில் கைவைப்பது முறை. செலவு குறைவு என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை; காரணம் பெரும்பாலும் என்ஜினுக்கு வெளியேதான் இருக்கிறது.

முதலில் குறைவு உண்மையா என்று பார்க்க வேண்டும். பம்பு தானாக நிற்கும்வரை டேங்கை நிரப்பி, ஓடோமீட்டரைக் குறித்துக்கொண்டு, சில நூறு கிலோமீட்டர் ஓட்டியபின் அதே பங்க்கில், அதே குழாயில் மறுபடி நிரப்புவதே நம்பத்தக்க வழி. முள்ளைப் பார்த்தும், ஐந்நூறு ரூபாய்க்குப் போட்டும் போடும் கணக்கு நிற்காது. பங்க் அளவில்தான் குறை என்ற சந்தேகம் எழுவது இயல்பு. எடையளவுத் துறை முத்திரையிட்ட 5 லிட்டர் அளவைக் கலனில் பிடித்துக் காட்டும்படி எவரும் கேட்கலாம். அனுமதிக்கப்பட்ட வேறுபாடு 25 மில்லி, அதாவது அரை சதவீதம். அந்த வரம்புக்குள் இருக்கும் பம்பு, பதினைந்து சதவீத இழப்புக்குக் காரணமாக முடியாது.

சிவகங்கை மாவட்டத்து நாட்டரசன்கோட்டையில் இந்தக் கோளாறு வரும் வழியே வேறு. நகரத்தார் குடும்பங்கள் பல வெளியூர்களிலும் வெளிநாடுகளிலும் வாழ்கின்றன. தை மாதச் செவ்வாய்ப் பொங்கலுக்குக் கண்ணுடைய நாயகி அம்மன் கோயில் முன் கூடுகிறவர்கள் சில நாளில் திரும்பிவிடுகிறார்கள். இப்படிப்பட்ட ஊரில் ஒரு கார் மாதக்கணக்கில் நின்றே கிடக்க நேரலாம். நிற்கும் டயர் மாதத்துக்கு ஓரிரு பி.எஸ்.ஐ. காற்றை இழக்கும். ஒரு பி.எஸ்.ஐ. குறைந்தால் ஏறத்தாழ 0.2 சதவீத மைலேஜ் போகும் என்கிறது அமெரிக்க எரிசக்தித் துறை. ஆக, பத்து பி.எஸ்.ஐ. இறங்கினாலும் இழப்பு இரண்டு சதவீதம் அளவே. காற்றடித்ததோடு வேலை முடிந்தது என்று இருந்துவிட முடியாது. பெரிய குற்றவாளி பிரேக். கைபிரேக்கை இழுத்துவிட்டுப் போன காரில் பின்சக்கரப் பிரேக் ஷூ துருவேறி டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். முன்சக்கரக் காலிப்பரின் பின்கள் இறுகும். கார் ஓடும், ஆனால் ஒரு சக்கரம் இழுத்துப் பிடித்தபடியே சுற்றும். ஐந்தாறு கிலோமீட்டர் ஓட்டி, பிரேக்கை அதிகம் மிதிக்காமல் நிறுத்தி, நான்கு ரிம்களின் அருகே கையைக் கொண்டுபோனால் எந்தச் சக்கரம் கூடுதலாகச் சுடுகிறது என்று தெரிந்துவிடும். ஜாக்கியில் தூக்கிக் கையால் சுழற்றிப் பார்த்து உறுதிசெய்யலாம். பின்களைச் சுத்தம் செய்து உரிய கிரீஸ் இட்டால் பெரும்பாலும் சரியாகும். நீண்ட நாள் நிறுத்தும்போது கைபிரேக்குக்குப் பதில் கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கல் வைப்பதே நல்லது.

அடுத்தது ஓட்டும் முறை. நாட்டரசன்கோட்டையிலிருந்து சிவகங்கை பத்துக் கிலோமீட்டருக்குள் இருக்கிறது. வெயிலில் கொதித்த காரை ஏறியதுமே முழு ஏசியில் குளிர்வித்து, குளிர்ந்த நேரத்தில் ஊர் வந்துவிட்டால், அந்தப் பயணத்தின் பெட்ரோலில் கணிசமான பங்கு ஏசிக்கே போயிருக்கும். கடும் வெப்பத்தில், அதுவும் குறுகிய பயணங்களில், ஏசியால் மைலேஜ் 25 சதவீதத்துக்கு மேலும் குறையலாம் என்று அதே துறை சொல்கிறது. இதைப் பழுதென்று எண்ணிப் பாகம் மாற்றுவது வீண். வெப்பத்துக்குப் பயந்து செய்யப்படும் இன்னொரு காரியம் உண்மையாகவே பழுதை உண்டாக்குகிறது: என்ஜின் சூடாகாமல் இருக்கட்டும் என்று தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றிவிடுவது. என்ஜின் உரிய வெப்பத்தை எட்டாவிட்டால், அது இன்னும் குளிர்ந்தே இருக்கிறது என்று கணினி எண்ணிக் கூடுதல் பெட்ரோலை ஊற்றிக்கொண்டே இருக்கும்.

ஏர் ஃபில்டரும் ஸ்பார்க் பிளக்கும் மாற்றினால் மைலேஜ் ஏறும் என்பது பலரின் அனுபவம் அல்லவா என்று கேட்கலாம். கார்புரேட்டர் காலத்து அம்பாசடருக்கு அது பொருந்தும். அடைபட்ட ஃபில்டர் அங்கே கலவையைக் கெடுக்கும். இன்ஜெக்‌ஷன் கார்களில் காற்று குறைந்தால் கணினி பெட்ரோலையும் குறைத்துவிடும். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகம் 2009இல் நடத்திய சோதனையில், அடைபட்ட ஃபில்டர் இழுவையைக் குறைத்ததே தவிர மைலேஜைக் குறிப்பிடத்தக்க அளவு பாதிக்கவில்லை. செக் என்ஜின் விளக்கு எரியவில்லையே என்ற சமாதானமும் போதாது. இறுகிய பிரேக்கை அந்த விளக்கு அறியாது. மெல்லத் தளரும் ஆக்சிஜன் சென்சாரும் வரம்பைத் தாண்டும்வரை அதற்குத் தெரியாது. ஸ்கேனரை மாட்டி, எரிபொருள் திருத்த அளவைப் படிப்பதே சரி. அது நீண்ட நேரம் பத்து சதவீதத்துக்கு மேல் கூட்டியோ கழித்தோ நின்றால் சென்சார், இன்ஜெக்டர், காற்றுக் கசிவு ஆகியவற்றைத் தேடலாம்.

இங்கே எத்தனாலையும் கணக்கில் எடுக்க வேண்டும். லிட்டருக்கு லிட்டர், எத்தனாலின் ஆற்றல் பெட்ரோலில் மூன்றில் இரண்டு பங்குதான். 20 சதவீதம் கலந்த பெட்ரோலில், கலப்பில்லாததைவிட ஆறேழு சதவீத ஆற்றல் குறைவு. அதை ஈடுகட்டக் கணினி சில சதவீதம் கூட்டி ஊற்றுவது பழுதல்ல. அதே வேளையில், எல்லாம் எத்தனாலால் வந்தது என்று கைவிடவும் காரணமில்லை. பதினைந்துக்குப் பன்னிரண்டு ஓடும் காரில் இழப்பு 20 சதவீதம். எத்தனாலைக் கழித்தாலும் பதின்மூன்று, பதினான்கு சதவீதம் எஞ்சுகிறது. அந்த மிச்சத்தைத் தேடும்போது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் சரிசெய்து, மறுபடி டேங்கை நிரப்பி அளக்க வேண்டும். பிரேக்கையும் சென்சாரையும் ஒரே நாளில் மாற்றினால், எதனால் மைலேஜ் திரும்பியது என்பது தெரியாமலே போகும்.