நாகைக் கடலில் பதிந்த கணக்கு

இந்தியத் துறைமுகங்களில் கடல்மட்டத்தை ஓயாமல் பதிவுசெய்யும் பணியை 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்திய நில அளவைத் துறை தொடங்கியது. பெய்ர்டு என்ற அதிகாரி அதை நடத்தினார். கடலோடு குழாயால் இணைந்த கிணற்றில் மிதவை ஒன்று கிடக்கும். நீர் ஏற இறங்க, கடிகாரத்தால் சுழலும் உருளைமேல் பென்சில் கோடிழுக்கும். நிலத்தின் உயரத்தை அளக்க அடிமட்டம் ஒன்று வேண்டும், கப்பல்காரர்களுக்கு ஓத அட்டவணை வேண்டும். முதன்மை நோக்கங்கள் இவை. வெள்ள எச்சரிக்கை அவற்றில் இடம்பெறவில்லை.

நாகப்பட்டினத்திலும் அப்படியொரு கருவி இருந்தது. 1881 டிசம்பர் 31 அன்று நிக்கோபார் அருகே நிலம் நடுங்கியபோது எழுந்த ஆழிப்பேரலையை வங்கக் கடலைச் சுற்றியிருந்த ஓதமானிகள் பதிந்துகொண்டன. நாகையின் கோடும் அவற்றில் ஒன்று. கோடுகளை ஒப்பிட்டு ரோஜர்ஸ் என்ற நில அளவை அதிகாரி அறிக்கை எழுதினார். 1883இல் கிரகட்டோவா எரிமலை வெடித்தபோதும் சென்னை, நாகைக் கருவிகள் அலையைக் காட்டின. இத்தனையும் ஆய்வாளர்களின் கோப்பிலேயே தங்கிவிட்டது. அலை வந்துபோன பிறகு படிக்கும் கோட்டால் கரையில் இருப்பவர்களுக்கு என்ன பயன்?

புயலால் எழும் கடலேற்றம் வேறு வகை. காற்று நீரைக் கரைக்குத் தள்ளும், ஆழமில்லாத கடலில் அது மேலும் உயரும். 1964 டிசம்பர் 22 இரவில் தனுஷ்கோடியை அழித்தது இதுவே. பாம்பனிலிருந்து சென்ற பயணிகள் ரயிலும் அதில் மூழ்கியது.

2004 டிசம்பர் 26 காலை 6.28க்கு சுமத்ரா அருகே நிலநடுக்கம் ஏற்பட்டது. தமிழகக் கரையை ஆழிப்பேரலை தொட இரண்டு மணி நேரத்துக்கும் மேலானது. அந்த அவகாசத்தைப் பயன்படுத்த ஏற்பாடு ஏதும் இல்லை. நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

2007இல் ஹைதராபாத்தில் இந்திய தேசிய பெருங்கடல் தகவல் சேவை மையத்தில் ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் தொடங்கியது. நிலநடுக்க அளவு தெரிந்ததும், முன்பே கணினியில் போட்டுவைத்த கணக்குகளில் பொருத்தமானதை எடுத்து எந்தக் கரைக்கு எவ்வளவு ஆபத்து என்று சொல்கிறார்கள். ஆழ்கடல் அழுத்தமானிகளும் கரையோர ஓதமானிகளும் அதை உறுதிசெய்யும், இல்லையேல் மறுக்கும். 2012 ஏப்ரல் 11இல் 8.6 அளவு நடுக்கத்துக்குப் பின் விடுத்த எச்சரிக்கை, அலைகள் சிறியவை எனக் கருவிகள் காட்டியதால் சில மணி நேரத்தில் விலக்கப்பட்டது.

சென்னைக்குச் சிக்கல் இரட்டிப்பு. கடல் ஏறி நிற்கையில் அடையாறாலும் கூவத்தாலும் நீரை வெளியேற்ற முடிவதில்லை. 2015 வெள்ளத்துக்குப் பின், மழை, ஏரி நீர், ஓதம், புயல் கடலேற்றம் ஆகியவற்றைச் சேர்த்துக் கணக்கிடும் முன்னறிவிப்பு முறை உருவாக்கப்பட்டு, 2019இல் தேசிய கடலோர ஆராய்ச்சி மையத்தில் செயல்பாட்டுக்கு வந்தது.