தானெட் கப்பலும் ரெங்கம் தண்டவாளமும்

முக்குளிப்பைக் களமாக வைத்து த்ரில்லர் நாவல் எழுத வருபவர்கள் முதலில் காற்றுச் சிலிண்டர், நீரழுத்தம், நீரோட்டம் என்றுதான் படிக்கத் தொடங்குகிறார்கள். அது தேவைதான். ஆனால் ஜொகூரின் கிழக்குக் கடலைப் பற்றிய நாவலுக்கு, கடலே கண்ணில் படாத உள்நாட்டு ஊரான ரெங்கத்திலிருந்து ஆராய்ச்சியைத் தொடங்க வேண்டும் என்பேன். 1942 ஜனவரி 26 அன்று ஜப்பானியக் கப்பல்கள் அந்தக் கடற்கரையிலுள்ள எண்டாவில் சரக்கிறக்கின. குளுவாங், கஹாங் விமானத் தளங்களை இயக்குவதற்கான ஆட்களும் தளவாடங்களுமே அவற்றில் வந்தன. அவற்றைத் தாக்க சிங்கப்பூரிலிருந்து இரண்டு பழைய போர்க்கப்பல்கள் புறப்பட்டன: பிரிட்டனின் தானெட், ஆஸ்திரேலியாவின் வாம்பயர். வாம்பயர் தப்பியது, தானெட் 27ஆம் தேதி விடியுமுன் மூழ்கியது. அந்தக் கப்பல் ஏன் அங்கே கிடக்கிறது என்பதற்கான விடை கடலடியில் இல்லை, குளுவாங் ஓடுதளத்தில் இருக்கிறது.

குளுவாங்குக்குத் தெற்கே, அதே ரயில் பாதையில்தான் ரெங்கம். அதே நாட்களில் அங்கே பிரிகேடியர் பெயிண்டரின் 22ஆவது இந்தியப் பிரிகேட் நின்றிருந்தது. அதற்குத் தெற்கே, லாயாங் லாயாங் அருகே இருந்த ரயில் பாலத்தை பிரிட்டிஷ் தரப்பே அவசரப்பட்டுத் தகர்த்துவிட்டது. பாலத்தோடு ரயில்வே தந்திக் கம்பியும் போயிற்று. ரெங்கத்தில் நின்றவர்களுக்குச் செய்தி சொல்ல வழியில்லை. அவர்களை எட்டிவிட முயன்ற மேஜர் ஜெனரல் பார்ஸ்டோ 28ஆம் தேதி தண்டவாளத்தருகே கொல்லப்பட்டார். காயம்பட்டவர்களையும் சுமந்துகொண்டு காடு வழியாகத் தெற்கே நடந்த படை வந்து சேருமுன்னே, 31ஆம் தேதி சிங்கப்பூர்க் கடற்பாலம் தகர்க்கப்பட்டது. பெரும்பாலோர் சரணடைந்தனர். எந்த த்ரில்லருக்கும் இதைவிடக் கூர்மையான முடிச்சு வேண்டுமா?

விறுவிறுப்புக்காகப் படிக்கிற கதைக்கு இத்தனை வரலாறு எதற்கு என்று கேட்கலாம். பீட்டர் பெஞ்ச்லியின் 1976ஆம் ஆண்டு நாவலான ‘த டீப்’புக்குத் தூண்டுகோல் 1943இல் பெர்முடா அருகே மூழ்கிய கான்ஸ்டலேஷன் கப்பல். அந்த நாவலில் பயத்தைக் கிளப்புவது ஆழமல்ல, கப்பலில் இருந்த மார்ஃபின் குப்பிகள். யாருடைய சரக்கு, யாருக்காக என்ற கேள்வி எழுந்த பிறகுதான் தண்ணீருக்கடியில் நெஞ்சு படபடக்கிறது.

இன்னொரு ஆட்சேபம் கனமானது: இறந்தவர்களின் கல்லறையைக் கதையாக்கலாமா? எலும்பை அலங்காரமாகக் காட்டினால் தவறுதான். ஆனால் மறதியும் அந்தக் கல்லறைகளைக் காக்கவில்லை. 2023 மே மாதம் ஜொகூரின் கிழக்குக் கடலில் மலேசிய அதிகாரிகள் பிடித்த சுவான் ஹோங் 68 என்ற கப்பலில் பழைய பீரங்கிக் குண்டுகள் கிடந்தன. குவாந்தானுக்கு அப்பால் மூழ்கிய பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிப்பல்ஸ் ஆகியவற்றின் இரும்பு இப்படித்தான் களவு போயிருக்கிறது என்ற சந்தேகம் அப்போது வலுத்தது. பெயரும் தேதியும் சரியாகச் சொல்லும் நாவல் இத்தகைய திருட்டை வாசகருக்கு உறைக்க வைக்கும்.

படைப் பதிவுகள் எவ்வளவு விரிவாக இருந்தாலும், ரெங்கத்தைச் சுற்றியிருந்த தோட்டத் தமிழர் கண்ட ஜனவரியை அவை சொல்வதில்லை. அன்று பத்து வயதிருந்தவருக்கு இன்று தொண்ணூறு தாண்டிவிட்டது. முக்குளிக்கப் பழகுமுன் எழுத்தாளர் அவர்களைத் தேடிப் போவதே அவசரம்.