தவறணையும் போர்த்துக்கேயக் குடும்பப் பெயர்களும்

தவறணை என்பது இலங்கைத் தமிழில் கள், சாராயம் விற்கும் கடையைக் குறிக்கும் சொல். 'தாவெர்னா' என்ற போர்த்துக்கேயச் சொல்லின் திரிபு இது. சாவி, மேசை, ஜன்னல், அலமாரி ஆகியனவும் அம்மொழியிலிருந்து தமிழுக்கு வந்தவையே. ஐரோப்பிய மூதாதையரைத் தேடும் இலங்கைக் குடும்பங்கள் பலவற்றின் வரலாற்றில் தவறணைக்கும் இடமுண்டு.

ஸ்பானிய முடியின் கீழ்

1580 முதல் 1640 வரை ஸ்பெயினையும் போர்த்துகலையும் ஒரே மன்னர் ஆண்டார். 1619இல் பிலிப் தெ ஒலிவேரா சங்கிலி மன்னனைச் சிறைப்பிடித்து யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றியபோது, ஸ்பானிய மன்னர் மூன்றாம் பிலிப்பே போர்த்துகலுக்கும் மன்னர். ஆனால் இலங்கையில் ஆட்சி நடத்தியவர்கள் போர்த்துக்கேயர்கள். 1658இல் யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் வசமாயிற்று.

பெயர் சொல்வதும் சொல்லாததும்

பெரேரா, சில்வா, பெர்னாண்டோ போன்ற பெயர்கள் ஐரோப்பிய இரத்த உறவுக்குச் சான்றாகா. ஞானஸ்நானம் பெற்றவர்கள் போர்த்துக்கேயப் பெயர்களை ஏற்பது வழக்கம். தமிழகத்தின் முத்துக்குளித்துறைப் பரதவரிடையே பெர்னாண்டோ என்ற பெயர் பரவியதும் இவ்வாறே. மறுபுறம், மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் வாழும் போர்த்துக்கேயப் பறங்கியர் சிலர் போர்த்துக்கேயக் கிரியோல் மொழியை இன்றும் பேசுகின்றனர். பெயர் ஒரு தொடக்கம் மட்டுமே; வம்சத்தை நிறுவ ஆவணம் தேவை.

ஆவணங்கள்

போர்த்துக்கேயர் தொடங்கி ஒல்லாந்தர் விரிவாக்கிய பதிவேடுகள் தோம்புகள் எனப்படும். நிலத்தோம்பு காணி உரிமையையும், தலைத்தோம்பு குடும்ப உறுப்பினரையும், பள்ளித்தோம்பு ஞானஸ்நானம், திருமணம் முதலியவற்றையும் பதிவு செய்தன. ஒல்லாந்தர் கால ஆவணங்கள் கொழும்பிலுள்ள தேசிய ஆவணக்காப்பகத்தில் உள்ளன. ஒல்லாந்தப் பறங்கியர் சங்கம் தன் இதழில் பல குடும்பங்களின் வம்சாவளிகளை வெளியிட்டது.

சாராயக் குத்தகை

பிரித்தானியர் காலத்தில் ஒரு பகுதியில் சாராயம் விற்கும் தனியுரிமை ஏலத்தில் விடப்பட்டது. ஏலம் எடுத்த குத்தகைக்காரர் தவறணைகளைப் பிறருக்கு உள்குத்தகைக்கு விட்டார். தென்மேற்குக் கரையில் தென்னங்கள்ளிலிருந்து வடித்த சாராயம் மலையகத்துக்குச் சென்றது. கோப்பித் தோட்டங்களில் உழைத்த தமிழகத் தொழிலாளரின் கூலியில் ஒரு பகுதி இவ்வழியே குத்தகைக்காரரிடம் சேர்ந்தது. அரசுக்கும் பெரும் வருவாய் கிடைத்தது.

மொறட்டுவையைச் சேர்ந்த ஜெரோனிஸ் தெ சொய்சா (1797–1862) இத்தொழிலில் பொருளீட்டித் தோட்ட உரிமையாளரானார். அவர் மகன் சார்ள்ஸ் ஹென்றி தெ சொய்சா மருத்துவமனை, பள்ளி முதலியவற்றுக்குக் கொடையளித்துப் புகழ்பெற்றார். பெயர் போர்த்துக்கேய 'சூசா'வை ஒத்திருந்தாலும் குடும்பம் சிங்களக் கராவ சமூகத்தைச் சேர்ந்தது. மைக்கேல் ரொபட்ஸ், குமாரி ஜெயவர்தன ஆகிய ஆய்வாளர்கள் சாராயக் குத்தகையிலிருந்து உருவான புதுச் செல்வந்தர் குழாத்தை விரிவாக ஆராய்ந்துள்ளனர்.

1904இலும் 1912இலும் மதுவிலக்கு இயக்கம் வலுப்பெற்றது. பின்னாளில் முதல் பிரதமரான டி. எஸ். சேனநாயக்கவும் அதில் பங்கேற்றார். மதுக்கடை எதிர்ப்பு, குடியேற்ற ஆட்சிக்கு எதிரான அரசியலின் பயிற்சிக்களமாகவும் அமைந்தது.

முன்னோரைத் தேடுவோருக்கு

தேடுவோர் தம் காலத்திலிருந்து பின்னோக்கி ஒவ்வொரு தலைமுறையாகச் செல்வதே முறை. தேவாலயப் பதிவேடு பிறப்பையும் மணத்தையும் காட்டும். காணி உறுதியும் குத்தகைப் பத்திரமும் தொழிலையும் சொத்தையும் காட்டும். கடல் கடந்து வந்த ஒரு வீரரைத் தேடிச் செல்லும் குடும்பம், இறுதியில் கரையோரக் கிராமம் ஒன்றின் சாராயக் குத்தகைக்காரரைக் கண்டடையலாம். அக்குடும்பத்தின் காணியும் கல்வியும் எங்கிருந்து வந்தன என்பதை விளக்குபவர் பெரும்பாலும் அவரே.