ஜிசெல்: ஒரு நாட்டிய நாடகத்தின் சரித்திரம்

பாலே நாட்டியத்தைப் புதிதாகப் பார்க்கப் புகும் ரசிகருக்கு வழி சொல்ல முற்படுவோர், சைக்கோவ்ஸ்கியின் சங்கீதத்தில் உள்ள மோகத்தால், பெரும்பாலும் 'ஸ்வான் லேக்'கையே முதலில் காட்டுவது வழக்கம். அந்தச் சங்கீதத்தின் மகத்துவத்தில் எனக்குச் சிறிதும் சந்தேகம் இல்லை. ஆயினும், இரண்டே அங்கங்களில் முடிந்து, கதையை எளிதில் புலப்படுத்தி, இக்கலை எவ்வாறு உருக்கொண்டது, எதனால் நலிந்தது, யாருடைய பராமரிப்பால் பிழைத்தது என்ற சரித்திரத்தையெல்லாம் தன்னுள் தாங்கி நிற்கும் 'ஜிசெல்' என்ற நாட்டிய நாடகத்தையே முதலில் பார்க்கவேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

பாலே அரண்மனையில் வளர்ந்த கலை. 1581-ல் பாரிஸ் நகரில், அரச குடும்பத்துத் திருமணம் ஒன்றை முன்னிட்டு ஐந்து மணி நேரத்துக்கு மேல் நடந்த ஆடற்காட்சியில் அரசியே ஆடினாள். 1653-ல் 14 வயதினனாகிய பதினான்காம் லூயி மன்னன் உதயசூரியனாக வேடம் புனைந்து ஆடினான். அவனே 1661-ல் நாட்டியத்துக்கென ஓர் அகாதமியை நிறுவினான். இன்றளவும் ஒவ்வொரு மாணாக்கரும் முதற்பாடமாகப் பயிலும் ஐந்து பாத நிலைகளை வகுத்தவர் அவனுடைய ஆசானாகிய பியேர் போஷான் என்பர்.

அந்த ராஜசபை ஆட்டம், மண்ணில் கால் பாவாத தேவகன்னியரின் ஆட்டமாக மாறியது 1830-ஐ ஒட்டிய ஆண்டுகளில்தான். 1822-ல் பாரிஸ் ஆபெரா மேடைக்கு வாயு விளக்குகள் வந்துசேர்ந்ததும், வேண்டியபோது ஒளியை மங்கச் செய்து, மேடையில் நிலவையும் மூடுபனியையும் வரவழைப்பது சாத்தியமாயிற்று. 1832-ல் மரீ தாலியோனி, வெண்மஸ்லின் பாவாடை உடுத்து, கால்விரல் நுனியில் எழுந்து நின்று 'லா சில்ஃபீட்' ஆடியபோது, அவளுடைய காலணிக்கு இன்றுள்ளது போன்ற கெட்டியான முனை கிடையாது. மெல்லிய பட்டுச் செருப்பின் நுனியில் நூலை நெருக்கமாக ஓட்டித் தைத்ததைத் தவிர, மற்ற பலமெல்லாம் அவளுடைய பாதத்தினுடையதே. அதே தாலியோனியின் அருமைச் சிஷ்யை எம்மா லிவ்ரி, 1862-ல் ஓர் ஒத்திகையின்போது வாயு விளக்கின் சுடர் பாவாடையில் பற்றி, எட்டு மாதம் வேதனைப்பட்டு மாண்டாள். எளிதில் தீப்பற்றாதவாறு பதப்படுத்திய துணி அப்போதே இருந்தது. அது விறைத்து, வெண்மை மங்கிக் காணப்பட்டதால் அவள் அதை உடுத்த மறுத்திருந்தாள். 'ஜிசெல்' நாடகத்தின் இரண்டாம் அங்கத்தில் மேடை முழுவதும் வெள்ளுடை பரவும்போது, அந்த வெண்மைக்காக உயிர்விட்ட பெண்ணை என்னால் மறக்க இயலுவதில்லை.

இந்நாடகம் தியோஃபீல் கோத்தியே என்ற கவிஞரின் மனத்தில் உதித்தது. மணநாளுக்கு முன்பே மாண்ட கன்னியர் 'வில்லி'களாக நள்ளிரவில் எழுந்து, அகப்பட்ட ஆடவரைச் சாகும்வரை ஆடவைப்பர் என்ற ஐதிகத்தை ஜெர்மானியக் கவிஞர் ஹைனேயின் நூலில் படித்த அவர், சேன்-ஜோர்ஜ் என்ற அனுபவமிக்க நாடகாசிரியரைத் துணைக்கொண்டு கதையை அமைத்தார். அடோல்ஃப் ஆதாம் இசை வகுக்க, கொராலியும் பெரோவும் ஆட்டம் அமைக்க, கார்லோத்தா கிரீசி நாயகியாக ஆட, 1841 ஜூன் 28-ந் தேதி அது பாரிஸில் அரங்கேறியது. குடியானவன் வேடத்தில் வந்த ஆல்பிரெக்ட் என்ற பிரபுவை நம்பிக் காதலித்த கிராமத்துப் பெண் ஜிசெல், அவனுக்கு வேறொருத்தி நிச்சயிக்கப்பட்டிருப்பதை அறிந்து, சித்தம் கலங்கி மடிகிறாள். வில்லியாக எழுந்த பின்போ, தன்னை வஞ்சித்தவனைப் பழிவாங்காமல், பொழுது புலரும்வரை அவனுக்காகத் தானே ஆடி அவன் உயிரைக் காக்கிறாள்.

இந்த இடத்தில் தமிழர் அறியவேண்டிய செய்தி ஒன்று உண்டு. 1838-ல் புதுச்சேரிப் பகுதியிலிருந்து தேவதாசியர் குழு ஒன்று பாரிஸுக்கு அழைத்துச் செல்லப்பட்டு, அங்கே மேடையேறியது. அவர்களுள் அம்மணி என்பவளின் ஆட்டத்தில் நெஞ்சைப் பறிகொடுத்த கோத்தியே, பத்திரிகையில் அவளைப் போற்றி எழுதினார். பார் என்ற சிற்பி அவளைச் சிறு சிலையாக வடித்தார். மூன்று வருஷங்களுக்குப் பின் 'ஜிசெல்' கதையை எழுதியபோது, பல தேசத்துப் பெண்கள் கலந்த வில்லிகளின் கூட்டத்தில் ஜுல்மா என்ற இந்தியத் தேவதாசி ஒருத்தியையும் கோத்தியே சேர்த்து, தன் நாட்டுப் பாவனைகளில் அவள் ஆடுவதாக எழுதினார். அதைத் தூண்டியது அம்மணியின் நினைவே என்று நான் நம்புகிறேன். இன்றும் வில்லிகளின் அரசிக்கு அடுத்த நிலையில் ஆடும் இருவருள் ஒருத்தியின் பெயர் ஜுல்மாதான். ஆனால் அவளுடைய உடையிலும் அடவிலும் இந்தியச் சாயல் கடுகளவும் எஞ்சவில்லை என்பது எனக்கு வருத்தமே.

புதிதாகப் பார்ப்பவர் முதல் அங்கத்தில் கைகளையே கவனிக்கவேண்டும். அபிநயத்துக்குப் பழகிய நம்மவருக்கு இது கடினமன்று. கரத்தை நெஞ்சில் பதித்தால் காதல். இரு விரல்களை வானோக்கி உயர்த்தினால் சத்தியம். தலைக்கு மேலே கைகள் ஒன்றையொன்று சுற்றினால் நடனம். மூடிய கரங்களைக் குறுக்கே தாழ்த்தினால் மரணம். அடுத்துக் காதையும் தீட்டிக்கொள்ள வேண்டும். காதல் பலிக்குமா என்று ஜிசெல் பூவின் இதழ்களை ஒவ்வொன்றாகக் கிள்ளிப் பார்க்கும்போது ஒலிக்கும் இனிய மெட்டு, அவள் சித்தம் கலங்கி, கையில் இல்லாத பூவைக் கிள்ளும்போது, சிதைந்து தேய்ந்து மீண்டும் வருகிறது. ஒரு சொல்லும் பேசாமல் ஒரு பெண்ணின் மனம் முறிவதை இவ்வளவு துல்லியமாகக் காட்டிய இடம் அந்த நூற்றாண்டின் பாலேயில் வேறில்லை என்பேன்.

இத்தகைய படைப்பைப் பாரிஸ் நகரமே கைவிட்டது. ஆபெராவின் சந்தாதாரர்களான செல்வர்கள், ஆடும் மகளிரைச் சந்திப்பதற்கென்றே மேடைக்குப் பின்னிருந்த கூடத்துக்குச் சென்றுவந்த காலம் அது. ஆண்களின் ஆட்டம் மதிப்பிழந்து, 1870-ல் 'கொப்பேலியா' என்ற பாலேயின் நாயகன் வேடத்தையே ஒரு பெண் ஆடும் நிலை வந்தது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே 'ஜிசெல்' அங்கே நின்றுபோயிற்று. காப்பாற்றியது ரஷ்யா. 1738 முதல் நாட்டியப் பள்ளியை அரசாங்கச் செலவில் நடத்திவந்த பீட்டர்ஸ்பர்க் நகருக்கு 1842-லேயே 'ஜிசெல்' சென்றிருந்தது. பாரிஸில் முதன்முதலில் ஆல்பிரெக்டாக ஆடிய லூசியன் பெத்திபாவின் தம்பியாகிய மாரியஸ், 1847-ல் அந்நகரில் குடியேறி, இந்நாடகத்தைப் பல்லாண்டு திருத்தியும் செப்பனிட்டும் பேணினார். இன்று நாம் காணும் வில்லிகளின் அணிவகுப்பில் பெரும்பகுதி அவருடையதே. 1910-ல் ரஷ்யரான டியாகிலெவின் நாட்டியக் குழு, கர்சாவினா, நிஜின்ஸ்கி என்ற ஆடற்கலைஞரைக் கொண்டு பாரிஸ் மக்களுக்கு அவர்கள் மறந்த செல்வத்தை மீண்டும் காட்டியது. ரஷ்யப் புரட்சிக்குப் பின் நாட்டைவிட்டு வெளியேறிய, பீட்டர்ஸ்பர்க் பாலேயின் மேற்பார்வையாளராயிருந்த செர்கெயெவ், ஆட்டங்களை ஸ்தெபானோவ் என்ற நடனக் குறியீட்டு முறையில் குறித்துவைத்திருந்த ஏடுகளையும் உடன் கொண்டுவந்து, 1924-ல் பாரிஸிலும் 1934-ல் லண்டனிலும் 'ஜிசெல்' நாடகத்தை மேடையேற்றினார்.

இறுதியாக ஒன்று: முதன்முறை பார்ப்பவர் ஜிசெல்லின் தாய் பெர்த்தா வில்லிகளின் கதையை அபிநயித்துச் சொல்லும் பகுதி குறைக்கப்படாத மேடையாக்கத்தைத் தேடிப் பார்ப்பது நலம். சில குழுக்கள் அதை நீட்டல் என்று கருதிச் சுருக்கிவிடுகின்றன. அதைப் பார்த்திராதவருக்கு, இரண்டாம் அங்கத்தின் திரை உயர்ந்ததும் வரும் கல்லறையும் வெள்ளுடைக் கன்னியரும் காரணம் விளங்காத அழகிய காட்சியாகவே நின்றுவிடும்.