தோட்டத்து ஆபீஸ் டெலிபோனுக்கு வயதென்ன?



கூலாய், குளுவாங், லாபிஸ், சிகாமட் வட்டாரங்களில் பழைய தோட்ட ஆபீஸ்கள் இடிக்கப்படும்போது, மேசை நாற்காலிகளோடு சேர்ந்து பழைய சாமான் வாங்குபவரின் லோரியில் ஏறும் பொருள்களில் ஒன்று கறுப்பு டெலிபோன். எண்களுக்கு மேல் துளைகள் கொண்ட வட்டத் தட்டை விரலால் சுற்றிப் பேசிய கருவி அது. இப்போது இளைஞர்கள் சிலர் அதைத் தேடி வாங்கிச் சேர்க்கத் தொடங்கியிருக்கிறார்கள். விற்பவரைக் கேட்டால், "வெள்ளைக்காரன் காலத்துச் சாமான், நூறு வருசம் இருக்கும்" என்பார். அவர் சொல்வது மெய்யா என்று அறிய வழி உண்டு. கருவியே தன் வயதைச் சொல்லும். அதைப் படிக்கத் தெரிந்துகொண்டால் போதும்.

முதலில் இந்தச் சுழல்தட்டு எப்படிப் பிறந்தது என்று பார்ப்போம். கிரகாம் பெல் தொலைபேசிக்குக் காப்புரிமை பெற்றது 1876இல். அதன் பிறகு பல ஆண்டுகள், பேச விரும்புபவர் நிலையத்தில் இருக்கும் பணியாளரை அழைத்து, இன்னாரோடு இணைத்துவிடுங்கள் என்று கேட்க வேண்டியிருந்தது. அமெரிக்காவில் கான்சஸ் நகரத்தில் அல்மன் ஸ்ட்ரோஜர் என்பவர் ஈமச்சடங்குத் தொழில் நடத்தி வந்தார். தமக்கு வரவேண்டிய அழைப்புகளை நிலையத்துப் பெண் போட்டிக்காரருக்குத் திருப்பிவிடுகிறாள் என்று அவர் சந்தேகப்பட்டாராம். சந்தேகம் மெய்யோ பொய்யோ, பணியாளரே வேண்டாத தானியங்கி இணைப்பு முறையை அவர் உருவாக்கி 1891இல் காப்புரிமை பெற்றார். மறு ஆண்டே இந்தியானா மாநிலத்து லாபோர்ட் ஊரில் அந்த முறையில் ஒரு நிலையம் திறக்கப்பட்டது. அதில் பொத்தான்களைத்தான் அழுத்தினார்கள். விரலால் சுற்றும் தட்டு 1896இல் அவருடைய நிறுவனத்தாரால் செய்யப்பட்டது. ஆகவே 1896க்கு முன் சுழல்தட்டு டெலிபோன் என்று ஒன்று கிடையவே கிடையாது.

தட்டு வேலை செய்யும் விதம் எளிமையானது. 4 என்ற துளையில் விரலிட்டுச் சுற்றி விட்டால், தட்டு திரும்பி வரும்போது கம்பியில் ஓடும் மின்சாரம் நான்கு முறை துண்டிக்கப்படும். 0 என்றால் பத்து முறை. விநாடிக்குப் பத்துத் துடிப்பு என்பது கணக்கு. நிலையத்தில் உள்ள இயந்திரம் அந்தத் துடிப்புகளை எண்ணி இணைப்புத் தரும். 1937இல் லண்டனில் அவசர அழைப்புக்கு 999 என்ற எண் வந்ததற்கும் இதில் ஒரு காரணம் இருக்கிறது. 111 என்று வைத்திருந்தால், காற்றில் இரண்டு கம்பிகள் உரசினாலும் அந்த எண் தானாக விழுந்துவிடக்கூடும். 9 அப்படி எளிதில் விழாது. இருட்டிலும் புகையிலும்கூட விரலால் தடவிக் கண்டுபிடிக்கலாம். நம் நாட்டிலும் அதே 999 வழங்கி வருவதை நேயர்கள் அறிவீர்கள்.

நம்மவருக்கும் இந்தக் கருவிக்கும் உள்ள தொடர்பு பழையது. 1882இல் சென்னையில் தொலைபேசி நிலையம் திறந்த ஓரியண்டல் டெலிபோன் கம்பெனிதான் சிங்கப்பூரிலும் தொழில் நடத்தியது. 1955இல் சிங்கப்பூர் டெலிபோன் வாரியம் அமைக்கப்படும்வரை அந்த நகரத்துத் தொலைபேசி அதன் கையில் இருந்தது. சென்னையில் கப்பலேறி சிங்கப்பூரில் இறங்கி ஜொகூர்த் தோட்டங்களுக்கு நடந்து வந்த மனிதர் புறப்பட்ட ஊரிலும் இறங்கிய ஊரிலும் ஒரே கம்பெனியின் கம்பிகளைத் தலைக்கு மேல் கண்டிருப்பார். ஆனால் அவற்றில் பேசியிருக்க மாட்டார்.

தோட்டத்தில் டெலிபோன் இருந்த இடங்கள் துரை பங்களா, ஆபீஸ், சில பெரிய தோட்டங்களில் ஆலையும் மருத்துவமனையும். லயத்து மக்களுக்கு அது கிராணியாரின் மேசையில் இருந்த பொருள். பட்டணத்து ஆஸ்பத்திரியில் ஒருவர் கண்ணை மூடினால், செய்தி அந்த மணியின் வழியாகத்தான் வரும். பிறகு ஆபீஸ் பையன் பால்மரங்களுக்கிடையே ஓடிவந்து சொல்வான். இந்தக் கருவிக்கு வயது கேட்பது வெறும் சேகரிப்பு விளையாட்டாக எனக்குத் தோன்றாததற்கு இதுதான் காரணம். ஒரு தோட்டத்துக்குக் கம்பி எப்போது வந்தது என்பதைச் சொல்லும் சான்று பல இடங்களில் இந்தக் கறுப்புப் பெட்டி ஒன்றுதான். தோட்டக் கணக்குப் புத்தகங்களைக் கரையான் தின்றுவிட்டது.

இனி கருவியைக் கையில் எடுப்போம். முதலில் தட்டு இருக்கிறதா என்று பாருங்கள். பக்கத்தில் கைப்பிடி போட்டுச் சுற்றும் பெட்டி என்றால் அது காந்த மின்னாக்கி கொண்ட பழைய வகை. கைப்பிடியைச் சுற்றினால் நிலையத்தில் மணியடிக்கும். (கம்பி நுனியைப் பிடித்துக்கொண்டு சுற்றினால் கை சுரீரென்று உதறும், அந்தக் காலத்துப் பையன்கள் ஒருவரை ஒருவர் இப்படி ஏமாற்றியதுண்டு.) கைப்பிடியும் இல்லாமல், தட்டு இருக்க வேண்டிய இடத்தில் மூடி மட்டும் இருந்தால், பணியாளர் இணைத்துத் தந்த நிலையத்தோடு வேலை செய்த கருவி என்று கொள்ளலாம். ஒரே அச்சில் வார்த்த பெட்டிக்கு, பட்டணத்தில் தட்டும் சிற்றூரில் மூடியும் போட்டார்கள். ஆகையால் தட்டில்லாதது எல்லாம் பழையது என்று எண்ணிவிடக் கூடாது. சிற்றூர் நிலையங்கள் தானியங்கியாக மாறப் பல காலம் பிடித்தது.

மலாயாவில் புழங்கியவற்றுள் பெரும்பாலானவை பிரிட்டனில் செய்யப்பட்டவை. அந்நாட்டு அஞ்சல் துறையின் வகை எண்களே அவற்றை இனம் காண உதவுகின்றன. மெழுகுவர்த்தித் தண்டு போல நிமிர்ந்து நின்று, காதுக்கருவி பக்கத்துக் கொக்கியில் தொங்கும் வகையில், தட்டு வைத்தது 150 எனப்படும். அது 1920களின் கருவி. 1929இல் 162 என்ற வகை வந்தது. கூம்பு போல மேலே குறுகும் கறுப்புப் பெட்டி, தலைமேல் குறுக்கே கிடக்கும் ரிசீவர். வாயும் காதும் ஒரே பிடியில் அமைந்த அழகான வகை அது. ஆனால் அதனுள் மணி கிடையாது. மணி தனிப் பெட்டியில் இருக்கும். 1934இல் வந்த 232 பார்வைக்கு அதே தோற்றம்; பேசுபவரின் குரல் அவர் காதிலேயே இரைச்சலாகத் திரும்புவதைக் குறைக்கும் மாற்றம் உள்ளே செய்யப்பட்டது.

நம் வட்டாரத்தில் அதிகம் அகப்படுவது 1937இல் தொடங்கிய 332 வகைதான். இதன் உருவத்துக்கு மூலம் நார்வே நாட்டு ஓவியர் ஜான் ஹைபெர்க், ஸ்வீடனின் எரிக்சன் நிறுவனத்துக்காக 1930களின் தொடக்கத்தில் வரைந்த வடிவம். அகன்ற அடி, சாய்ந்த முகம், உள்ளேயே மணி. பலவற்றில் அடியில் ஒரு சிறிய இழுப்பறை இருக்கும்; தொலைபேசி எண்களை எழுதி வைக்கும் அட்டை அதில் கிடக்கும். வாங்கும்போது இந்த இழுப்பறையை இழுத்துப் பாருங்கள். சில வேளைகளில் பழைய அட்டை எழுத்தோடு உள்ளேயே இருக்கும். கருவியைவிட அதற்குத்தான் மதிப்பு அதிகம் என்பேன்.

1959இல் 706 என்ற புதுவகை வந்தது. பேகலைட் போய் இலேசான பிளாஸ்டிக் வந்தது. சாம்பல், பச்சை, தந்தம், சிவப்பு என்று நிறங்கள் வந்தன. 1967இல் வந்த 746இல், ரிசீவர் படுக்கும் இடத்துக்குக் கீழே கையைவிட்டுத் தூக்கும் பிடி பெட்டியோடு சேர்த்து வார்க்கப்பட்டிருக்கும். உங்களில் பலர் 1970களிலும் 1980களிலும் கடைகளில் பார்த்தது இந்தச் சாயல் கொண்டதாகவே இருக்கும். விற்பவர் அதை நூறு வருசம் என்றால், சிரித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போகலாம்.

பேகலைட் என்பது 1907இல் பேக்லண்டு என்பவர் கண்ட செயற்கைப் பொருள். கனமாக இருக்கும், விரல் நகத்தால் தட்டினால் கெட்டியாக ஒலிக்கும். கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்துச் சூடேற்றி முகர்ந்தால் பழைய ஆஸ்பத்திரி கார்பாலிக் வாடை இலேசாக வரும். பிளாஸ்டிக்கில் வராது. வடமும் ஒரு சான்று: நூலால் பின்னிய வடம் முந்தியது, சுருள்சுருளான பிளாஸ்டிக் வடம் பிந்தியது. ஆனால் வடம் அடிக்கடி மாற்றப்படும் உறுப்பு. அதை மட்டும் நம்பி முடிவு கட்ட வேண்டாம்.

இப்போது கருவியைக் கவிழ்த்துப் பார்ப்போம். அடித்தகட்டிலோ பெட்டியின் உட்புறத்திலோ வகை எண்ணும், செய்தவரைக் குறிக்கும் எழுத்துகளும், ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்களும் பதிந்திருப்பதுண்டு. 332 என்பதன் அருகே 56 என்று கண்டால் 1956 என்று பொருள். ரிசீவரின் உட்புறத்திலும் தட்டின் பின்புறத்திலும் இவ்வாறே தனித்தனி முத்திரைகள் உண்டு. இந்த மூன்றையும் எழுதி ஒப்பிட வேண்டும். பெரும்பாலும் ஒத்துவராது! அதற்காகப் போலி என்று முடிவு செய்துவிடாதீர்கள். கருவி இலாகாவின் சொத்து. சந்தாதாரர் வாடகை கட்டினார். பழுதானால் எடுத்துச் சென்று, ஒன்றின் தட்டை இன்னொன்றுக்குப் போட்டுச் சரிசெய்து திருப்பி அனுப்புவார்கள். 1949 பெட்டியில் 1957 தட்டு இருந்தால், அந்தப் பெட்டி 1957க்கு முன்னால் இந்த உருவத்தில் இருந்திருக்க முடியாது என்பதே நாம் உறுதியாகச் சொல்லக் கூடியது. உறுப்புகளுள் கடைசியாக வந்ததே கணக்குக்கு வரும்.

நம் நாட்டுக்கே உரிய சான்று ஒன்று உண்டு. வெளிநாட்டுப் புத்தகங்களில் அது கிடைக்காது. கருவியில் ஒட்டிய இலாகாச் சீட்டைப் படியுங்கள். மலாயாவில் தொலைத்தொடர்புக்குத் தனி இலாகா அமைந்தது 1946இல். சீட்டில் 'மலாயா' என்றிருந்தால் 1963 செப்டம்பரில் மலேசியா பிறப்பதற்கு முற்பட்டது; மிஞ்சிய சீட்டுகளைச் சிறிது காலம் ஒட்டியிருக்கலாம் என்பதை மட்டும் மனத்தில் வைக்கவும். 'ஜபாத்தான்', அதாவது இலாகா, என்ற சொல்லும் மலேசியாவின் பெயரும் இருந்தால் 1963க்கும் 1986க்கும் இடைப்பட்டது. ஏனெனில் 1987 ஜனவரி முதல் நாள் அந்த இலாகாவின் பணி சியாரிக்காட் டெலிகாம் மலேசியா என்ற நிறுவனத்தின் கைக்கு மாறியது. கடைக்காரர் ஒட்டிய சீட்டானால் 'சியாரிக்காட்' என்ற சொல்லின் எழுத்தைக் கவனியுங்கள்: எஸ்.எச். போட்டு எழுதியிருந்தால் 1972 மலாய் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய வழக்கம், எஸ்.ஒய். என்றால் பிந்தையது.

தட்டின் நடுவே வட்ட அட்டையில் உள்ள எண்ணும் பேசும். ஊர்ப் பெயரும் இரண்டு மூன்று இலக்கமும் மட்டும் இருந்தால் சிறு நிலையத்துக் காலம். 07 என்ற ஜொகூர் வட்டாரக் குறியீடு அச்சிட்டிருந்தால், வெளியூருக்கு நேராகச் சுற்றிப் பேசும் வசதி வந்தபின் அச்சான அட்டை. கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் இடையே அந்த வசதி 1962இல் வந்தது. மற்ற ஊர்களுக்குப் படிப்படியாக எட்டியது. 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் தோட்டக் கம்பிகள் அறுக்கப்படுவது வழக்கமாக இருந்தது. ஆகவே தோட்டத்தில் கிடைத்த கருவி 1950களின் நடுவில் செய்யப்பட்டதாக இருந்தால், முதலில் வந்த டெலிபோனே அதுதானா, பழையதற்குப் பதிலாக வந்ததா என்று முதியவர்களைக் கேட்டறிவது நல்லது.

இந்தியாவுக்குப் போய்வரும் உறவினர் கொண்டுவந்தது என்றால், ஐ.டி.ஐ. என்ற எழுத்துகளைத் தேடுங்கள். பெங்களூரில் 1948இல் நிறுவப்பட்ட இந்திய டெலிபோன் தொழிற்சாலையின் அடையாளம் அது. உருவம் பிரிட்டிஷ் கருவியை ஒத்திருப்பதால் பலர் குழம்புகிறார்கள்.

புதிதாகச் செய்த போலிகளும் சந்தையில் உண்டு. பித்தளைக் குழலும் மரப்பெட்டியும் பளபளவென்று மின்னும். தட்டைச் சுற்றிப் பார்த்தால் சுற்றாது. துளைக்குள் அழுத்தும் பொத்தான் இருக்கும். சுவரில் செருகும் சின்னஞ்சிறு பிளாஸ்டிக் முனை வடத்தோடு ஒன்றாக வார்க்கப்பட்டிருந்தாலும் எச்சரிக்கை வேண்டும். அலங்காரத்துக்கு வாங்குவது அவரவர் விருப்பம். பழையதன் விலையைக் கொடுக்காதிருந்தால் சரி.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் சுடுநீரும் சோடாவும் போட்டுக் கழுவாதீர்கள். பேகலைட்டின் மெருகு போய்விடும். ஈரம் பிழிந்த மெல்லிய துணியே போதும். வீட்டு மின்சாரத்தில் எக்காரணத்தாலும் இணைக்காதீர்கள். துடைப்பதற்கு முன் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எந்தத் தோட்டம், எந்தக் கட்டடம், யாரிடம் எப்போது கிடைத்தது, எந்த உறுப்பில் எந்த எண் என்பதையெல்லாம் எழுதிக்கொள்ளுங்கள். அந்த ஆபீசில் வேலை பார்த்தவர் இருந்தால், தோட்டத்து டெலிபோன் எண்ணை அவர் இன்னும் மனப்பாடமாகச் சொல்வார், அதையும் எழுதுங்கள். நடு அட்டையைக் கழற்றாமல் விட்டுவிடுங்கள். அதில் மையால் எழுதிய எண் ஈரத் துணி பட்டால் கலைந்துவிடும்.