பரணியின் பேய்களும் கலிங்கத்தில் தப்பியவர்களும்

பெரம்பலூரிலிருந்து 2007-இல் பிரிந்த அரியலூர் மாவட்டத்தில், இன்று பெருங்கோயிலும் மாளிகைமேட்டின் செங்கல் அடித்தளங்களுமாக எஞ்சியிருக்கும் கங்கைகொண்ட சோழபுரம், 1070-இல் முடிசூடிய முதலாம் குலோத்துங்கனின் தலைநகராக இருந்தது. அவனுடைய படை கருணாகரத் தொண்டைமான் தலைமையில் 1110-ஐ ஒட்டிக் கலிங்கத்தை வென்றதைச் செயங்கொண்டார் பாடிய கலிங்கத்துப்பரணி, பிணந்தின்னும் பேய்களின் பசியைக் கதையின் நடுவில் நிறுத்திய நூலாகும்.

பரணி என்பது போரில் ஆயிரம் யானைகளைக் கொன்று வென்றவனைப் பாடும் சிற்றிலக்கிய வகை; ஆயினும் இங்கே வேந்தனுக்குச் சற்றும் குறையாத இடம் காளியின் பேய்களுக்குக் கிடைத்திருக்கிறது. போரில்லாத காலம் அவற்றுக்குப் பஞ்ச காலமாதலால், பசியால் மெலிந்து காளியிடம் முறையிடும் அவை, இந்திரசாலம் காட்டும் பொய்க் குருதியை உண்மையென்று நம்பிப் பாய்ந்து ஏமாறுகின்றன. களம் கிடைத்தபின் யானைக் கொம்பால் பல் விளக்கி, விலா எலும்பால் நாக்கு வழித்துக் கூழ் அடுகின்றன; ஒருவேளை மட்டும் உண்ணும் சமணப் பேய்க்காகக் கூழில் மயிர் பார்த்து வடித்து ஊற்றுவது, புலவரின் குறும்பு எவ்வளவு தூரம் போகும் என்பதற்குச் சான்று.

ஜார்ஜ் ரொமேரோ 1968-இல் எடுத்த 'நைட் ஆஃப் த லிவிங் டெட்' படத்தில் செத்தவர்களே எழுந்து உயிருள்ளோரைத் தின்கிறார்கள். பரணியின் பேய்களோ எழுந்து வந்த பிணங்கள் அல்ல, காளியின் பரிவாரம். படம் பண்ணை வீட்டில் கதவடைத்துக் கிடப்போரின் பக்கம் நின்று பார்க்க, பரணி பெரும்பாலும் தின்பவரின் பக்கம் நின்றே பார்க்கிறது.

பிழைத்தவர் கதை களத்தின் ஓரத்தில்தான் வருகிறது. ஆடை பறிபோன கலிங்கர் தலைமயிரைப் பறித்துக்கொண்டு சமணத் துறவியராகவும், வில்லின் நாணைப் பூணூலாக அணிந்து கங்கையாட வந்த அந்தணராகவும், குருதி தோய்ந்த துணியைப் போர்த்திப் பௌத்தத் துறவியராகவும், யானை மணிகளைத் தாளமாகக் கையில் பிடித்துப் பாணராகவும் நடித்துத் தப்புகின்றனர். ரொமேரோவின் நாயகன் இரவெல்லாம் தாக்குப்பிடித்தும், விடிந்தபின் மீட்க வந்தவர்களே அவனைச் செத்தெழுந்தவன் என்று தவறாகக் கருதிச் சுட, மாண்டுபோகிறான். கலிங்கரை உயிரோடு விட்டதோ அவர்களை வேறொருவராகக் கொண்ட அந்தத் தவறேதான். தோற்றவரை நகையாடவே இப்பகுதி பாடப்பட்டது எனினும், துறவியையும் பாணனையும் சோழ வீரன் வெட்டமாட்டான் என்று பகைவரும் நம்பியிருந்தாலன்றி அந்த நகைச்சுவைக்கு இடமே இல்லை.